ஆறு மேசை, இரண்டு நாட்டுச் சமையல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பெங்களூர் கம்மனஹள்ளியில் இருக்கும் ஒரு சின்ன கொரிய – தாய்லாந்து ஹோட்டலைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு சாயங்காலம் ஆகிவிட்டது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை அதைப் பற்றியே பேசிவிடலாம். கடையின் பெயரைக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டார்கள். மொத்தமே ஆறு மேசை, சமைப்பது இரண்டு பேர். ஒரேயடியாகக் கூட்டம் வந்தால் தாங்காது. ஆனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி, உங்கள் பேட்டையில் இருக்கும் இது மாதிரி எந்தச் சின்னக் கடைக்கும் பொருந்தும்.

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் 16 வயது ஆகிறது. கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளுக்குக் கொரிய – தாய்லாந்து ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். என் வீட்டுக்காரரோ, இரண்டு நாட்டுச் சமையலை ஒரே சட்டியில் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, காக்ஸ் டவுன்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பே இல்லை. நானும் அதே பயத்தோடுதான் முதல் தடவை போனேன். என் அண்ணன் மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், ஒரு தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், ஒரு வீட்டின் கீழ்த்தளம். பச்சைக் கதவு. உள்ளே சமைக்கிற இடத்துக்கும் உட்கார்கிற இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது, இடுப்பளவு மேடைதான். உரலில் பப்பாளிக்காய் இடிபடுகிற சத்தம் கேட்டது. பாதிப் பயம் அந்த நிமிஷமே போய்விட்டது. அல்சூரில் எங்கள் அம்மா நடத்திய மெஸ்ஸில் உரல் சத்தத்துக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். கையால் இடிக்கிறவர்கள் சாப்பாட்டில் விளையாட மாட்டார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

நடத்துவது ஒரு தம்பதி. அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பாங்காக்கில் ஒரு ஹோட்டல் கிச்சனில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். அந்த அம்மா இம்பாலில் பிறந்தவர். மணிப்பூரில் 2000-இல் ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்ட பிறகு, வீடுகளில் கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. உங்கள் மகளுக்கு இப்போது பிடித்திருக்கிற ஆசை அவருக்கு அந்தக் காலத்திலேயே பிடித்துவிட்டது. அவர் ஊரில் ஙாரி என்று புளிக்கவைத்த மீன் இல்லாத வீடே அபூர்வம். அதனால் கொரியர்கள் முட்டைக்கோஸைக் காரம் போட்டுப் புளிக்கவைக்கும் கிம்ச்சியின் வாசனை அவருக்கு அந்நியமாகப் படவில்லை. இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே கிச்சனில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, கல்யாணம் செய்துகொண்டு, சேர்த்துவைத்த பணத்தில் இந்தக் கடையைப் போட்டார்கள். எனவே மெனுவில் இரண்டு நாடு இருப்பது ஒரு வீட்டில் இரண்டு பேர் சமைப்பதால் வந்தது. தமிழிலேயே பேசி ஆர்டர் கொடுக்கலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி.

சரி, கலந்தால் கெடுமா? நான் சாப்பிட்டதை வைத்துச் சொல்கிறேன். தொம் யம் சூப்பில் கொரிய அரிசிக் கட்டையைப் போட்டுத் தருகிறார்கள். தொம் யம் என்றால் எலுமிச்சைப்புல், பேரரத்தை, காஃபிர் எலுமிச்சை இலை, இறால், எலுமிச்சைச் சாறு போட்ட புளிப்பும் காரமுமான ரசம் மாதிரி. அந்த இலையைக் கிள்ளி முகர்ந்தால் எனக்கு வேப்பிலைக்கட்டிக்கு அரிகிற நாரத்தை இலைதான் ஞாபகம் வரும். அரிசிக் கட்டை, பூரணம் இல்லாத கொழுக்கட்டையை விரல் நீளத்துக்கு உருட்டியது போல இருக்கும்; கொரியாவில் தொக் என்பார்கள். தனக்கென்று பெரிய ருசி கிடையாது, ஆனால் மெல்ல மெல்ல சுவை ஏறும். புளித்த ரசத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்கின்றன.

இன்னொன்று, கிம்ச்சி சாதத்தைத் துளசி போட்டு வறுப்பது. கொரியாவில் கிம்ச்சி சாத வறுவலின் மேல் ஒரு பொரித்த முட்டையை வைப்பார்கள். தாய்லாந்தில் கறியைக் கொத்தித் துளசியோடு வதக்கும் பட் கப்ராவ் என்ற பதார்த்தத்தின் மேலும் அதே பொரித்த முட்டை. இரண்டு சாதமும் முன்பே சொந்தக்காரர்கள் மாதிரி. அதனால் கலந்தபோது ஒட்டிக்கொண்டது. அதில் போடும் கப்ராவ் இலை நம் துளசிச் செடியின் இனம்தான். வாயில் வைத்ததும் கோயில் தீர்த்தத்தின் மணம் வந்து, ஒரு நொடி மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். பிறகு முழுத் தட்டையும் காலி செய்தேன்.

ஒட்டாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். கிம்பாப் என்ற கடற்பாசி சுற்றிய சாத உருளையை ‘க்ரீன் கறி’ என்ற தாய்லாந்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடத் தந்தார்கள். உருளையில் தடவியிருந்த நல்லெண்ணெயும் குழம்பின் தேங்காய்ப்பாலும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. கொரியர்கள் எண்ணெயை எள்ளை வறுத்து ஆட்டுவார்கள், மணம் மிகத் தூக்கலாக இருக்கும். நான் மேடையருகே போய் இதைச் சொன்னேன். அந்த அம்மா மறுபடி ஒரு துண்டைத் தானே தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார். அடுத்த முறை போனபோது மெனுவில் அது இல்லை. பெரிய ஹோட்டலில் இது நடக்குமா? சின்னக் கடையில் எனக்குப் பிடித்ததே இதுதான். சமைத்தவரிடம் நேராகச் சொல்லலாம், கேட்கலாம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள். தாய்லாந்தின் அடையாளமாக உலகம் முழுக்க விற்கிற பட் தாய், சீன முறையில் வறுத்த நூடுல்ஸில் புளியையும் பனைவெல்லத்தையும் போட்டது. சயாம் என்ற நாடு 1939-இல் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்ட காலத்தையொட்டி, அங்கே பிரதமராக இருந்த பிபுன் சொங்கிராமின் அரசே அதை ஊக்கப்படுத்திப் பரப்பியது. கொரியாவும் தாய்லாந்தும் நம்முடைய கடைக்கு முன்பே சந்தித்துக்கொண்டவைதான். தாய்லாந்தில் மூ கத்தா என்று ஒன்று உண்டு. குமிழ் மாதிரி மேடான உலோகத் தட்டின் உச்சியில் கறித் துண்டுகளைச் சுடுவார்கள். கொழுப்பு உருகி ஓரத்துப் பள்ளத்தில் இருக்கும் சூப்பில் இறங்கும். அதற்கு அங்கேயே ‘மூ யாங் காவ்லி’ என்று இன்னொரு பெயர் இருக்கிறது. காவ்லி என்றால் கொரியா.

மகளுக்குத் தொம் யம் தொக், கிம்ச்சி சாதம், ஜாப்ச்சே என்ற கொரியச் சேவை மூன்றையும் வாங்கி எல்லாரும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். மே, ஜூனில் போகிறீர்கள் என்றால் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் கேளுங்கள். அந்த மாதங்களில் பாதாமி மாம்பழம் போடுகிறார்கள். பிறந்தநாள் கேக்கை விட அது நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

கேள்வி: நாங்கள் சைவம். முட்டையும் கிடையாது. ஒரு தாய்லாந்து ஹோட்டலில் ‘வெஜ்’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு, அதில் மீன் சாஸ் இருந்தது என்று சொன்னார்கள். மாமியார் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. இந்த மாதிரி இடங்களுக்குப் போகவே கூடாதா?
– வாசகி, ஜீவன் பீமா நகர்

பதில்: உங்கள் மாமியாரின் வேதனையை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அறுபது எழுபது வருடம் காத்து வந்த ஒன்றை, கேட்டுச் சாப்பிட்ட பிறகும் ஒருவர் இழப்பது சின்ன விஷயம் இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கிச்சனில் மீன் சாஸ் என்பது உப்பு. நம்முடைய சமையலில் பெருங்காயம் போட்டாயா என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை, அது மாதிரி அவர்கள் கை தானாகவே அதை ஊற்றிவிடும். அதனால் ‘வெஜ்’ என்ற ஒரு சொல் போதாது. எந்தெந்தப் பொருள் கூடாது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தாய்லாந்துப் பக்கத்தில் மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள்: மீன் சாஸ், இறால் விழுது, ஆய்ஸ்டர் சாஸ். இதில் இறால் விழுதுதான் ஆளை ஏமாற்றிவிடும். க்ரீன் கறி, ரெட் கறி என்று வருகிற குழம்புகளுக்கு அரைக்கும் விழுதிலேயே அது சேர்ந்திருக்கும். அப்புறம் வெறும் காய்கறியும் டோஃபுவும் மட்டும் போட்டாலும் அது சைவம் ஆகாது. விழுதை அங்கேயே அரைக்கிறீர்களா, பாக்கெட்டா என்று கேளுங்கள். பாக்கெட் என்றால் அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாஸோடு உலர்ந்த இறாலும் இடித்துப் போடுவார்கள். ஆனால் அது ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக இடிப்பது. முன்பே சொன்னால், உரலைக் கழுவிவிட்டு, உப்பும் சோயா சாஸும் போட்டு இடித்துத் தருவார்கள்.

கொரியப் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. அவர்களுடைய சாறுக்கு அடிப்படை, உலர்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். நம் நெத்திலிக் கருவாடேதான். தெருக்கடைப் பதார்த்தமான தொக்பொக்கி பார்ப்பதற்கு அரிசிக் கட்டையும் சிவப்புக் குழம்பும் மட்டும்தான் என்று தோன்றும். குழம்பு நெத்திலித் தண்ணீரில் செய்ததாக இருக்கும், மீன் மாவில் செய்த அடைத் துண்டுகளும் கிடக்கும். கிம்ச்சியிலும் உப்பில் ஊறிய இறாலோ மீன் சாஸோ சேர்ப்பதுதான் வழக்கம். நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாப் பொடியில் மாட்டுக்கறிச் சாரம் இருக்கக்கூடும்.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? முட்டையும் கறியும் இல்லாத பிபிம்பாப். சாதத்தின் மேல் கீரை, முளைகட்டிய பயறு, கேரட், காளான் எல்லாம் தனித்தனியாக வதக்கி அடுக்கி, கோச்சுஜாங் விழுதோடு பிசைவது. கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், ஒட்டரிசி, புளித்த சோயா மொச்சைப் பொடி, உப்பு சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்த விழுது. பெரும்பாலும் சைவம்தான், ஆனாலும் கேளுங்கள். ஜாப்ச்சே இன்னொன்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கண்ணாடி மாதிரி சேவை. மாட்டுக்கறி போடாமல் காய்கறியோடு செய்யச் சொல்லலாம்.

இரண்டு நாட்டிலும் கடுமையான சைவ மரபு உண்டு என்பதை உங்கள் மாமியாரிடம் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கொரியப் புத்த மடாலயச் சமையலில் கறி, மீன் மட்டும் இல்லை, பூண்டும் வெங்காய வகைகளும் கூடாது. தாய்லாந்தில் ‘ஜே’ என்று ஒரு சாப்பாட்டு முறை இருக்கிறது. அதிலும் பூண்டு கிடையாது. கிருஷ்ணகிரிக்காரரிடம் ‘ஜே மாதிரி செய்து கொடுங்கள்’ என்று ஒரு தடவை சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. தனி வாணலி எடுத்துச் செய்து கொடுத்தார். கூட்டம் இல்லாத நாளில் போங்கள். சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு எந்த மாஸ்டராலும் தனி வாணலி எடுக்க முடியாது.

மீன் சாஸ் இருக்கிறதா என்று கேட்டபோதே சர்வர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தால், அங்கே சாப்பிடுங்கள். ‘எல்லாம் வெஜ்தான் மேடம்’ என்று நின்ற இடத்திலேயே சொன்னால், ஒரு இளநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: வேர்க்கடலை என் பையனுக்கு ஒத்துக்கொள்ளாது. போகலாமா?
– வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: எவ்வளவு ஒத்துக்கொள்ளாது என்பதைப் பொறுத்தது. தோலில் தடிப்பு மட்டும் என்றாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மூச்சு முட்டும் அளவு என்றால் தாய்லாந்துச் சமையல் நடக்கிற சின்னக் கிச்சனுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பேன். பட் தாய், பப்பாளிக்காய் சாலட், மஸ்ஸமன் குழம்பு, சாத்தே சட்னி என்று எல்லாவற்றிலும் கடலை இருக்கும். ஒரே வாணலி, ஒரே கரண்டி. பொடித்த கடலை கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயும் ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தங்கை பையனுக்கு இறால் ஆகாது. நகரத்தில் வேறொரு இடத்தில் ‘இறால் இல்லை’ என்று சொல்லித் தந்த சாதத்தைச் சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அந்தக் கால் மணி நேரம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது. சோயா, கோதுமை, எள் ஆகாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கொரியச் சமையலில் இந்த மூன்றும் தொட்ட இடமெல்லாம் வரும். சோயா சாஸிலேயே பெரும்பாலும் கோதுமை உண்டு.

கேள்வி: ஆர்டர் செய்யாமலே சின்னச் சின்னக் கிண்ணத்தில் நாலைந்து கொண்டுவந்து வைத்தார்கள். பயந்து போய்த் தொடவே இல்லை. பில்லில் வருமா?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: அடடா, தொட்டிருக்கலாமே! அதற்குப் பஞ்சான் என்று பெயர். நம் இலையில் ஊறுகாய், கூட்டு, பொரியல் வைப்பது போல, சாதத்தோடு சேர்ந்து வருவது. கொரியாவில் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். நம் ஊரில் சில இடங்களில் இரண்டாவது தடவைக்குக் காசு உண்டு, அதனால் வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் சொல்கிற கடையில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, முள்ளங்கி ஊறல் மூன்றும் எப்போதும் இருக்கும். நாலாவது அன்றன்றைக்குக் கிடைக்கிற காய். ஒரு தடவை நூல்கோலை அரிந்து எள்ளும் காடியும் போட்டு வைத்திருந்தார். நூல்கோலை சாம்பாரில் தவிர வேறு எதிலும் கண்டிராத எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

பில் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். ஜிஎஸ்டி கட்டியே ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நன்றாகக் கவனித்துக்கொண்டால், கொடுக்க நினைப்பதைப் பரிமாறியவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: எனக்குக் குச்சி பிடிக்க வராது. கையால் சாப்பிட்டால் சிரிப்பார்களா?
– வாசகி, முர்பி டவுன்

பதில்: சிரிக்க மாட்டார்கள். தாய்லாந்துக்காரர்கள் சாதத்தைக் கரண்டியாலும் முள்கரண்டியாலும்தான் சாப்பிடுகிறார்கள். முள்கரண்டியால் தள்ளிக் கரண்டியில் ஏற்றி வாயில் வைப்பார்கள். குச்சி அவர்களுக்கு நூடுல்ஸ் சூப் போன்றவற்றுக்குத்தான். வடகிழக்குத் தாய்லாந்தில் ஒட்டரிசியைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுவது அன்றாடம். கொரியர்கள் சாதத்துக்கும் சூப்புக்கும் கரண்டி, மற்றதற்கு உலோகக் குச்சி. லெட்யூஸ் இலையில் கறியையும் சாதத்தையும் வைத்து மடித்துச் சாப்பிடுவது கையால்தான், வெற்றிலை மடிக்கத் தெரிந்த நமக்கு அது ரொம்பச் சுலபம். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். சாதத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைப்பது மாதிரி ஆகிவிடும். வயதில் பெரியவர் முதல் வாய் எடுத்து வைத்த பிறகு மற்றவர்கள் ஆரம்பிப்பது கொரிய வழக்கம். நம் வீட்டுப் பெரியவர்களோடு போனால் அதைச் செய்துதான் பாருங்களேன், அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று தெரியும்.

கேள்வி: அங்கே சாப்பிட்ட கிம்ச்சி பிடித்துப்போய்விட்டது. பெங்களூரில் வீட்டிலேயே போட முடியுமா? கொரிய மிளகாய்த்தூள் விலை பயமுறுத்துகிறது.
– வாசகர், இந்திராநகர்

பதில்: தாராளமாகப் போடலாம். மிளகாய்க்கு இவ்வளவு செலவு செய்யவே வேண்டாம், நம் ப்யாடகி மிளகாய் இருக்கிறதே! ஹாவேரி மாவட்டத்து ப்யாடகி, 2011-இல் புவிசார் குறியீடு வாங்கியது. நிறம் அள்ளிக்கொண்டு போகும், காரம் குறைவு. கொரியத் தூளும் அதே குணம்தான். காம்பையும் விதையையும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கரகரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். நைஸாக அரைத்தால் கிம்ச்சி சேறு மாதிரி ஆகிவிடும். (மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், நமக்கும் கொரியாவுக்கும் தாய்லாந்துக்கும் சேர்த்து. அது வருவதற்கு முன்னால் கொரியர்கள் சிவக்காத கிம்ச்சி போட்டார்கள், நாம் மிளகைத் தட்டிக்கொண்டிருந்தோம்.)

ஒரு கிலோ சைனீஸ் முட்டைக்கோஸ் வாங்குங்கள், நீளமாக, வெளிறிய பச்சையில் இருப்பது. நான் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்குகிறேன். இரண்டு அங்குலத் துண்டுகளாக அரிந்து, கால் கப் கல் உப்பைத் தூவிப் பிசிறி, இரண்டு மணி நேரம் வையுங்கள். நடுவில் இரண்டு தடவை புரட்ட வேண்டும். தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வடியவிடுங்கள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், பொரியலில் கொஞ்சம் உப்பு தூக்கலாகிவிட்ட மாதிரி இருந்தால் சரி.

ஒரு ஸ்பூன் அரிசி மாவை அரைக் கப் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். எட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, பாதி வெங்காயம், கால் ஆப்பிள் இவற்றை அரைத்து, நாலு பெரிய ஸ்பூன் மிளகாய்த்தூளோடு கஞ்சியில் கலந்துகொள்ளுங்கள். மீன் சாஸ் வேண்டாதவர்கள் இரண்டு ஸ்பூன் சோயா சாஸ் விடலாம். இந்த விழுதில் முட்டைக்கோஸையும், குச்சியாக அரிந்த முள்ளங்கியையும், வெங்காயத்தாளையும் போட்டுப் பிரட்டி, கண்ணாடி ஜாடியில் அமுக்கி அடையுங்கள். மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். பொங்கும். வெளியே ஒரு நாள், குளிர் மாதமாக இருந்தால் ஒன்றரை இரண்டு நாள். தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றை விட்டு, சுத்தமான கரண்டியால் அமுக்கிவிடுங்கள். புளிப்பு மணம் வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

மாவு பொங்குவதைப் பார்த்துப் பழகிய கைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு, கிம்ச்சியின் முதல் கட்டப் புளிப்புக்கும் அதுவேதான் காரணம். நான் இதை அறிந்த நாளில் அடுக்களையில் மாவுப் பாத்திரத்தையும் கிம்ச்சி ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரே கூடிக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தொம் யம் இறால் சூப் 2024-இல் சேர்ந்தது.

கேள்வி: கொரியர்களும் அப்பா, அம்மா என்கிறார்களே. அவர்கள் நம் ஆட்கள்தானா?
– மாணவர், சிவாஜிநகர்

பதில்: அப்பாவுக்கு ‘அப்பா’, அம்மாவுக்கு ‘ஒம்மா’. கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தையின் வாயில் முதலில் வருவது ப, ம ஒலிகள் என்பதால் எத்தனையோ மொழிகளில் இப்படி அமைந்திருக்கிறது. உறவு வேண்டுமானால் அருகிலேயே இருக்கிறது. 1996-இல் ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டது. அதன் பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்களும் கொரியக் கடைகளும் பெருகின. அந்தப் பக்கம் போனால் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். சாயங்காலம் நடக்கப் போகும்போது, தையல் கடைக்குப் பக்கத்தில் பச்சைக் கதவு போட்ட ஒரு சின்ன ஹோட்டலைப் பார்ப்பேன். உள்ளே மஞ்சள் விளக்கும் பேச்சுச் சத்தமும் நன்றாக இருக்கும். எல்லாரும் இளவயசுப் பிள்ளைகள். தனியாக ஒரு கிழவன் போய் உட்கார்ந்தால் சரியாக இருக்குமா? பல்லும் சரியில்லை, காரமும் ஆகாது.
– வாசகர், கம்மனஹள்ளி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேறு எதற்கும் பதில் எழுதாமல் முதலில் அந்தக் கடைக்குத்தான் போனேன். நீங்கள் சொல்லும் பச்சைக் கதவு அதுவேதான். உங்கள் ஊர் பெயரைக்கூடச் சொல்லாமல், இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ‘தினமும் கதவுக்கு எதிரில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவாரே, சாம்பல் கலர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அவரா?’ என்று கேட்டார்.

உங்களுக்கு அங்கே சாப்பிட நிறைய இருக்கிறது. கொரியர்கள் ஜுக் என்பார்கள், தாய்லாந்தில் ஜோக். இரண்டும் நம் கஞ்சிதான். அரிசி குழையக் குழைய வேகவைத்தது, பல்லே வேண்டாம். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து ஒட்டரிசி மாவோடு காய்ச்சும் ஒரு கொரியக் கஞ்சி உண்டு, இளம் இனிப்பாக, நிறம் சாமந்திப் பூ மாதிரி. காரம் துளியும் கிடையாது. அது மெனுவில் இல்லை. அந்த அம்மா வீட்டுக் குழந்தைக்குச் செய்கிறார். உங்களுக்கும் செய்து தருவதாகச் சொன்னார். குடிக்க வறுத்த பார்லி போட்டுக் கொதித்த தண்ணீர் தருவார்கள், சூடாகக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் கஞ்சியில் இனிப்புப் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறரை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, ஏழரைக்கு மேல்தான் பிள்ளைகள் வருவார்கள். மேடையை ஒட்டி ஜன்னல் பக்கம் இரண்டு பேர் உட்காரும் மேசை ஒன்று இருக்கிறது. நான் எப்போதும் உட்காரும் இடம் அது. அங்கிருந்து உரல் இடிப்பதையும் பார்க்கலாம், தெருவையும் பார்க்கலாம். கிருஷ்ணகிரிக்காரர் வேலை செய்துகொண்டே பேசுவார். திங்கட்கிழமை கடை லீவு. செவ்வாய்க்கிழமை போங்கள், பரங்கிக்காய் வாங்கி வைத்திருப்பார்கள்.